டெல்டா கும்பகோணத்தோடு முடிந்துவிடவில்லை

காவிரி டெல்டா நாவல் என்று யார் பேச ஆரம்பித்தாலும் முதலில் வந்து விழுகிற பெயர் கும்பகோணத்தில் நடக்கும் தி.ஜானகிராமனின் 'மோகமுள்'. அதில் எனக்கு வருத்தமே இல்லை. சங்கீத குரு ரங்கண்ணாவும் சீடன் பாபுவும் வரும் பக்கங்களை இன்னும் பத்து தடவை கொடுத்தாலும் படிப்பேன். அவருடைய 'அம்மா வந்தாள்' எடுத்தால் காவிரிக்கரை வேதபாடசாலையை விட்டு எழுந்து வரவே மனசு வராது. ஆனால் நான் இருப்பது திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே. ஜூன் 12 அன்று மேட்டூர் அணையைத் திறந்தாலும் எங்கள் வாய்க்காலில் தண்ணீர் தலைகாட்ட வாரக்கணக்கில் ஆகும். சில வருஷம் முறைவைத்து விடுகிறோம் என்பார்கள், அந்த முறையும் எங்களுக்கு வந்து சேராது. தி.ஜானகிராமன் தான் அறிந்த கரையை எழுதினார், அது போதும். ஆற்றுத்தண்ணீர் கடைசியாக வந்து சேரும் எங்கள் கடைமடையை எழுதியவர்களை நாம் ஏன் அதே ஆசையோடு பேசுவதில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

சமீபத்தில் படித்ததில் என்னை விடாமல் பிடித்துக்கொண்டது சு.தமிழ்ச்செல்வியின் 'அளம்'. வேதாரண்யம் உப்பு என்றதும் பள்ளிக்கூடத்தில் சொல்லித்தந்தது 1930தான். ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்து வந்தார், உப்பு அள்ளினார், பாடம் முடிந்தது. அதே உப்பைக் கூலிக்கு வாரிக்கொண்டிருந்த பெண்களைப் பற்றி ஒரு வரி கிடையாது. 'அளம்' என்றால் உப்பளம், இது அவர்களுடைய கதை. கணவன் கப்பலேறிப் போய்விடுகிறான். மூன்று பெண்பிள்ளைகளை வைத்துக்கொண்டு சுந்தராம்பாள் அந்த உவர்மண்ணில் பிழைக்கிறாள். இதில் யாரும் பெரிதாக அழுவதில்லை, வசனம் பேசுவதில்லை. அடுத்த வேளைக்கு என்ன என்ற கேள்விதான் பக்கத்துக்குப் பக்கம் கதையை நகர்த்துகிறது. புருஷன் போன துக்கத்தைக்கூட வேலைக்கு நடுவேதான் அவளால் பட முடிகிறது.

பசியைப் பற்றிய பக்கங்களை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். "கொட்டிக்கெழங்குதான் அப்ப எங்களுக்கும் ஒரு வேளைச் சோறு. கொளத்துச் சேத்துல காலால தொளாவி எடுக்கணும். ஒங்கிட்ட சொல்ல வெக்கமா இருந்துச்சு, சொல்லல" என்றார். இத்தனை வருஷம் அம்மா என்னிடம் சொல்லாத ஒன்றை ஒரு நாவல் வாங்கிக் கொடுத்திருக்கிறது. அதன் ஆசிரியரை நேரில் பார்த்தால் கையைப் பிடித்துக்கொள்வேன்.

அடுத்தது 'குருதிப்புனல்'. இந்திரா பார்த்தசாரதிக்கு 1977இல் சாகித்ய அகாதெமி விருது வாங்கித் தந்த நாவல். இதை மறுபடி படித்தேன், சண்டை போட்டுக்கொண்டேதான் படித்தேன். அதற்கு அடிப்படை கீழ்வெண்மணி. அங்கே 1968 டிசம்பர் 25 இரவு ஒரு குடிசைக்குள் விவசாயக் கூலிக் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் எரிந்து போனார்கள், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். அந்தக் கூலிகள் கொஞ்சம் நெல் அதிகமாகக் கேட்டார்கள், செங்கொடியை இறக்க மாட்டோம் என்றார்கள். காரணம் அவ்வளவு வெளிச்சமாக இருக்கும்போது, நாவல் பண்ணையாரின் ஆண்மைக்குறைவுக்குள் போய் விடை தேடுகிறது. இடதுசாரிகள் அப்போதே இதை எதிர்த்தார்கள். நான் எந்தக் கட்சியும் இல்லை, ஆனாலும் அவர்கள் பக்கம்தான். ஒரு மனிதனின் அந்தரங்க நோயாக அதைச் சுருக்கிவிட்டால், அவனுக்குத் துணை நின்ற நிலமும் சாதியும் பணமும் தப்பித்துவிடுகின்றன. இன்னொன்று, டெல்லியிலிருந்து வந்த படித்தவர்களின் மன ஓட்டம் நமக்கு நன்றாகக் கேட்கிறது. எரியப் போகிறவர்களின் வீட்டுக்குள் அந்த அளவுக்குப் போக முடிவதில்லை. இவ்வளவு சொன்னாலும், அந்த நெருப்பின் சூடு ஆறுவதற்குள் அதை நாவலாக்க ஒருவர் துணிந்தார் என்பதற்காக இந்தப் புத்தகம் என் அலமாரியில் இருக்கும்.

எனக்கு வேண்டியிருந்ததை ராஜம் கிருஷ்ணனிடம்தான் கண்டேன். உப்பளத்துக்கும் மீனவர் குப்பத்துக்கும் நீலகிரிக்கும் நேரில் போய்ப் பழகி எழுதியவர் அவர். 'சேற்றில் மனிதர்க'ளில் விவசாயக் கூலிகள் கூட்டமாகத் தெரிவதில்லை, ஆள் ஆளாகத் தெரிகிறார்கள். 'பாதையில் பதிந்த அடிகள்' அதைவிட எனக்கு நெருக்கம். மணலூர் மணியம்மையின் வாழ்க்கை அது. பிராமணக் குடும்பத்தில் பிறந்து சின்ன வயதில் விதவையானவர், தலைமுடியைக் கிராப்பாக வெட்டி, வேட்டி கட்டிக்கொண்டு பண்ணையாட்களைத் திரட்டினார். பண்ணையாட்களுக்குச் சவுக்கடியும், சாணியைக் கரைத்துக் குடிக்க வைக்கும் சாணிப்பாலும் தண்டனையாக இருந்த காலம். 1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்ததற்குப் பின்னால் அப்படிப்பட்டவர்களின் உழைப்பு இருக்கிறது. கடைசியில் ஒரு மான் முட்டி இறந்துபோனார். கற்பனையாக எழுதியிருந்தால் நம்பவே மாட்டோம். எங்கள் பகுதிப் பெண்பிள்ளைகள் கல்லூரிக்குப் போவதற்குள் ஒருமுறையாவது இதைப் படித்துவிட வேண்டும் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறேன்.

கும்பகோணத்துக்காரர்களில் எம்.வி.வெங்கட்ராமின் 'காதுகள்' பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும். காதுக்குள் விடாமல் கேட்கும் குரல்களோடு வாழும் மகாலிங்கத்தை அவசரமாகச் சொல்லிவிட்டுப் போக மனம் ஒப்பவில்லை.

இப்போது கையில் இருப்பது தமிழ்ச்செல்வியின் 'கீதாரி', ஆடு மேய்த்துக் கிடை போடுகிறவர்களின் கதை. அறுவடை முடிந்த வயலில் ஆட்டுக்கிடை போட வருகிறவர்களைச் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். கிடைக்கு எத்தனை ஆடு, ராத்திரிக்கு என்ன கூலி என்று பேசியதோடு சரி. அவர்கள் எங்கே படுப்பார்கள், பிள்ளை பெற எங்கே போவார்கள் என்று எங்கள் தெருவில் யாரும் கேட்டதில்லை. முப்பது பக்கம் தாண்டியிருக்கிறேன், ராத்திரிக்குள் முடித்துவிடுவேன்.