16 மீட்டர் 11 கோடியான கதை
கணினி நினைவகத்தைப் படிப்பது பற்றிய கட்டுரையில், ‘நான்கால் வகுபடாத முகவரியிலிருந்து நான்கு பைட் படித்தாலும் கெர்னல் சரிசெய்துகொள்ளும்’ என்று கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். (நினைவகத்தில் ஒவ்வொரு பைட்டுக்கும் உள்ள எண்தான் முகவரி. கெர்னல் என்பது லினக்ஸ் போன்ற இயங்குதளத்தின் மையப்பகுதி.) இன்டெல் கணினியில் பிரச்சினை வராது, சரி. அங்கே பிராசஸரே பார்த்துக்கொள்ளும். ஆனால் பழைய ஆர்ம்வி5 வகை பிராசஸர் அப்படியல்ல.

நாகர்கோவிலில் நாங்கள் நான்கைந்து பேர் சேர்ந்து, குளச்சல் படகுகளுக்காக ஆழம் காட்டும் கருவி ஒன்று செய்தோம். தகவலின் முதல் பைட் சென்சார் எண் 7, அடுத்த நான்கு பைட் ஆழம். லேப்டாப்பில் 16 மீட்டர் என்று ஒழுங்காக வந்தது. கருவியில் ஏற்றினால் 11,74,40,528! இரண்டு நாள் வயரையும் சென்சாரையும் மாற்றி மாற்றிப் பார்த்தோம். அவற்றில் ஒரு குறையும் இல்லை. சென்சார் எண் இருப்பது முகவரி 0-வில், ஆழம் தொடங்குவது 1-ல். கருவியில் இருந்த ஆர்ம்வி5 சிப்போ 1-க்குப் போகாமல் 0-விலிருந்து நான்கு பைட்டை எடுத்து, எட்டு பிட் (அதாவது ஒரு பைட்) சுழற்றிக் கொடுத்துவிடுகிறது. அந்த 7, எண்ணில் மதிப்பு மிகுந்த மேல் பைட்டில் போய் உட்கார்ந்துவிட்டது. புரோகிராம் நிற்கவில்லை, பிழைச் செய்தியும் இல்லை, அதுதான் பயங்கரம்.

அப்புறம் லினக்ஸில், இப்படிப்பட்ட முகவரிகளை என்ன செய்வது என்று குறிக்கும் ‘/ப்ராக்/சிபியு/அலைன்மென்ட்’ கோப்பைப் பார்த்தால் 0, அதாவது கண்டுகொள்ளாதே. 3 என்று மாற்றியதும் கெர்னல் சரியான எண்ணைத் தந்தது, தவறு நடந்த இடத்தையும் லாகில் (கெர்னலின் பதிவேட்டில்) காட்டியது. ஆனால் ஒவ்வொரு முறையும் டிராப் ஆகி (புரோகிராம் இடையில் நின்று), கெர்னலுக்குள் போய்த் திரும்ப வேண்டும், வேகம் படுத்துவிடும். கடைசியில், நினைவகத்தை நகலெடுக்கும் மெம்காப்பி கட்டளை போட்டுத்தான் தீர்த்தோம். கெர்னலுக்குள் எழுதுபவர்களுக்கு இதே வேலைக்கு ‘கெட்_அன்அலைன்ட்’ இருக்கிறது.

நெட்வொர்க்கில் வரும் தகவலின் முதலில் இருக்கும் ஈதர்நெட் தலைப்பு 14 பைட் என்பதால், பின்னால் வரும் ஐபி தலைப்பு நான்கின் மடங்கில் அமைய, கெர்னலில் உள்ள பல நெட்வொர்க் டிரைவர்கள் முன்னால் 2 பைட் காலியாக விடுகின்றன. கெர்னல் எழுதுபவர்களே இவ்வளவு கவனமாக இருக்கிறார்கள். கட்டுரையின் அந்த ஒரு வரியைத் தயவுசெய்து திருத்துங்கள்.