கன்வெர்ட்டரைத் தட்டி எடுக்கறதுக்கு முன்னாடி ஒரு கேஜ் வெச்சுப் பாருங்க

2009, 2010-ல வாங்குன பெட்ரோல் கார் எல்லாம் 15 வருசம் முடிஞ்சு எஃப்.சி.ங்கற தகுதிச் சான்றுக்குப் போயிட்டிருக்குதுங்க. அந்த நேரத்துலதான், புகையைச் சுத்தம் பண்றதுக்குச் சைலன்சருக்கு முன்னாடி இருக்கற கேட்டலிடிக் கன்வெர்ட்டர் டப்பாவைப் பத்திப் பட்டறையில இந்தப் பேச்சு வரும்: "இழுவையே இல்லைங்ணா, கன்வெர்ட்டர் அடைச்சுக்கிச்சு. உள்ள இருக்கறதைத் தட்டி எடுத்துட்டு மறுபடி வெல்டு வெச்சுரலாம். அரை நாள் வேலைதானுங்."

தலையை ஆட்டிராதீங்க. கன்வெர்ட்டர் தானாச் சாகறது அபூர்வமுங்க. எஞ்சின்ல இருக்கற ஏதோ ஒரு கோளாறுதான் அதைக் கொல்லுது. அந்தக் கோளாறைக் கண்டுபிடிக்காம கன்வெர்ட்டரைக் காலி பண்றதும் தப்பு, புதுசு வாங்கி மாட்டறதும் தண்டச்செலவு.

உள்ள இருக்கறது தேன்கூடு மாதிரி ஒரு செராமிக் கட்டி. சதுர அங்குலத்துக்குச் சுமார் 400 துளை. துளைச் சுவருல அலுமினாப் பூச்சு, அது மேல பிளாட்டினம், பலேடியம், ரோடியம். சூடு 250, 300 டிகிரிக்கு ஏறுன பிறகுதான் வேலையே ஆரம்பிக்கும். எடையில பெட்ரோல் ஒரு பங்குக்குக் காத்து 14.7 பங்குன்னு கலவை சரியா இருந்தா கார்பன் மோனாக்சைடு, எரியாத பெட்ரோல், நைட்ரஜன் ஆக்சைடு மூணையும் மாத்திக் குடுத்துரும்.

தட்டி எடுத்தா பிக்கப் கூடும்னு ஒரு நம்பிக்கை ஊரெல்லாம் இருக்குது. அது எப்படி வந்துச்சுன்னா, அடைச்சுப்போன கன்வெர்ட்டரை எடுத்த வண்டி அன்னைக்கே பறக்கும். ஓட்டுனவர் நாலு பேருகிட்டச் சொல்லுவார். அடைப்பு போனதுதான் அங்க காரணம். நல்லா இருக்கற கன்வெர்ட்டர், கம்பெனி எஞ்சின்ல, காலுக்குத் தெரியற அளவுக்கு இழுவையைத் தின்னாது. அதை எடுத்தா கேபினுக்குள்ள ஒரு உறுமல் சத்தமும், பின்னாடி கண்ணெரிச்சல் நாத்தமும்தான் மிச்சம். மைலேஜும் கூடாதுங்க.

கொல்றது யாருன்னு பாருங்க. முதல் ஆளு மிஸ்ஸிங். ஒரு சிலிண்டர் பத்தாம விட்டா அதுல போன பெட்ரோல் அப்படியே வெளிய வந்து கன்வெர்ட்டருக்குள்ள எரியும். ஆயிரம் டிகிரியைத் தாண்டிப்போயி செராமிக்கே உருகித் துளை மூடிக்கும். தேய்ஞ்ச பிளக், வெடிப்பு விட்ட ஹை டென்ஷன் ஒயர், பலவீனமான காயில், இதுல எதாச்சும் ஒண்ணு போதும். வண்டி மிஸ் அடிக்குதுன்னு தெரிஞ்சும் "அடுத்த சர்வீஸ்ல பாத்துக்கலாம்"னு ஓட்டறது, சில நூறு ரூபா பிளக்குக்குப் பாத்து ஆயிரக்கணக்குல செலவை இழுத்து வெக்கறது.

இதுலயே பட்டறைப் பழக்கம் ஒண்ணு இருக்குதுங்க. எந்த சிலிண்டர் வேலை செய்யலைன்னு பாக்க, எஞ்சினை ஓடவிட்டு ஒவ்வொரு பிளக் ஒயரா உருவிப் பாக்கறது. கார்புரேட்டர் காலத்து வித்தை. ஒயர் கழண்டு நிக்கற அத்தனை நேரமும் அந்த சிலிண்டரோட பெட்ரோல் பச்சையா கன்வெர்ட்டருக்குப் போகும். காயிலுக்கும் கேடு. அதே சோதனையை இன்ஜெக்டர் கிளிப்பைக் கழட்டிப் பண்ணுங்க. பெட்ரோலே போகாது, வெறும் காத்துதான் போகும். கிளிப்பைக் கழட்டியும் எஞ்சின் ஓட்டத்துல மாத்தம் தெரியலைன்னா அந்த சிலிண்டர்தான் நோயாளி.

ரெண்டாவது ஆளு எஞ்சின் ஆயில். ஆயில்ல தேய்மானம் குறைக்கப் போடற சரக்குல பாஸ்பரஸ் இருக்கும். ஆயில் எரிஞ்சு போனா அது பூச்சு மேல படிஞ்சு மூடிரும், அப்புறம் எதை ஊத்திக் கழுவுனாலும் திரும்பாது. காலையில ஸ்டார்ட் பண்ணதும் ரெண்டு நொடி நீலப்புகை வந்து நின்னா வால்வு ஆயில் சீல். ஆக்சிலேட்டர் மிதிக்கறப்பெல்லாம் வந்தா பிஸ்டன் ரிங். டிப்ஸ்டிக்குல குறிச்சு வெச்சு 1,000 கிலோமீட்டர் ஓட்டிப் பாருங்க. ஒரு லிட்டர் குறையுதுன்னா எஞ்சின் வேலையை முடிக்காம புதுக் கன்வெர்ட்டர் மாட்டவே வேண்டாம்.

ஹெட் கேஸ்கெட் கசிஞ்சு கூலன்ட் போறதும், புகையில ஆக்சிஜனை அளக்கற ஆக்சிஜன் சென்சாருக்கு ஆகாத சிலிக்கான் பசையைக் கேஸ்கெட்டுல அப்பறதும் இதே வேலையைச் செய்யும். ஈயமும் கன்வெர்ட்டரைக் கெடுக்கும், ஆனா இப்ப அதைக் குத்தம் சொல்றதுக்கு வழியில்லை, 2000 பிப்ரவரியோட நாடு முழுக்க ஈயப் பெட்ரோல் நின்னு போச்சு.

இனி சோதனை. இழுவை இல்லைன்னதும் கன்வெர்ட்டர்னு முடிவு கட்டக்கூடாது. ஏர் ஃபில்டர், பெட்ரோல் பம்ப் பிரஷர், கிளட்ச் வழுக்கல், பிடிச்சு நிக்கற பிரேக் நாலும் காரணமில்லைன்னு முதல்ல உறுதி பண்ணிருங்க. அடைப்புக்குன்னு ஒரு தனிக் குணம் உண்டு. ஊருக்குள்ள மெதுவாப் போனா ஒண்ணும் தெரியாது. சத்தியமங்கலம் பக்கத்துத் திம்பம் மலையில 27 கொண்டை ஊசி வளைவும் ஏறணும்னா நாலாவது வளைவுலயே மூச்சு முட்டும். எவ்வளவு மிதிச்சாலும் 3,000 ஆர்.பி.எம். தாண்டாது, சைலன்சர் வாயில காத்து வலுவா வராது.

வண்டிக் கம்ப்யூட்டர்ல இருந்து கோளாறுக் கோடு படிக்கற ஸ்கேனர் எல்லா வண்டியிலயும் கை குடுக்காது. 2010-ல பி.எஸ்.4-ங்கற புகை விதி முதல்ல வந்த 13 நகரத்துல சென்னை இருந்துச்சு, கோவை இல்லை. அதனால அந்தச் சமயத்துல நம்ம பக்கம் ரிஜிஸ்டர் ஆன வண்டி பலது அதுக்கு முந்தின பி.எஸ்.3. அதுல பெரும்பாலும் கன்வெர்ட்டருக்கு முன்னாடி ஒரே ஒரு ஆக்சிஜன் சென்சார்தான். பின்னாடி சென்சார் இல்லாத வண்டியில, கன்வெர்ட்டர் சரியா வேலை செய்யலைன்னு சொல்ற பி0420 கோடு எப்படி வரும்? ரெண்டு சென்சார் இருக்கற வண்டின்னா, எஞ்சின் ஓடறப்பவே ஸ்கேனர் காட்டற லைவ் டேட்டாவுல பாருங்க. முன் சென்சார் 0.1-க்கும் 0.9 வோல்ட்டுக்கும் நடுவுல வேகமா ஆடணும், பின் சென்சார் 0.6, 0.7 பக்கம் அசையாம நிக்கணும். பின்னதும் முன்னது மாதிரியே ஆடுனா கன்வெர்ட்டர் சத்து போச்சு. ஆனா புகை வெளிய வர்ற எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுல பொடி லீக் ஒண்ணு இருந்தாலும் இதே கோடு வரும். லீக்கை அடைக்காம தீர்ப்புச் சொல்லாதீங்க.

அடைப்பைச் சந்தேகமில்லாமக் காட்டறது பிரஷர் கேஜ்தான். இதுக்கு விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். கெட்டுப்போன பழைய ஆக்சிஜன் சென்சார் ஒண்ணை எடுத்துக்கங்க. அதோட மரை 18 மில்லிமீட்டர், 1.5 பிட்ச். கோவையில கணபதியிலயோ ஆவாரம்பாளையத்துலயோ ஒரு லேத் பட்டறையில குடுத்து உள்ள இருக்கறதை எல்லாம் கடைஞ்சு எடுத்துட்டு, ஒண்ணரை அடி நீளத்துக்கு இரும்புக் குழாய் பிரேசிங் வெச்சு வாங்கிருங்க. குழாய் நுனியில ரப்பர் ஹோஸ், ஹோஸ் நுனியில 0-15 பி.எஸ்.ஐ. வரைக்கும் அழுத்தம் காட்டற கேஜ். குழாயைக் குட்டையா வெச்சா சூடு ஹோஸை உருக்கிரும், நீளம் முக்கியம்.

எஞ்சின் லேசா வெதுவெதுப்பா இருக்கறப்போ முன் சென்சாரை 22 மில்லிமீட்டர் ஸ்பேனர்ல கழட்டி அந்த இடத்துல இதை மாட்டுங்க. ஐடில்ல, அதாவது ஆக்சிலேட்டர் மிதிக்காம ஓடறப்போ, ஒண்ணேகால் பி.எஸ்.ஐ.க்குள்ள இருக்கணும். 2,500 ஆர்.பி.எம்.ல புடிச்சு வெச்சா 3 பி.எஸ்.ஐ.யைத் தாண்டக்கூடாது. 5, 6-ன்னு காட்டுனா அடைப்பு உறுதி. அடைப்பு கன்வெர்ட்டர்லயா, பின்னாடி சைலன்சர்லயான்னு தெரியணும்னா கன்வெர்ட்டரோட பின் ஃபிளேஞ்சைக் கழட்டிட்டு மறுபடி அளங்க. இந்த ஒரு படியை விட்டுட்டு, தகடு உள்ள இடிஞ்சு விழுந்த சைலன்சருக்காக நல்ல கன்வெர்ட்டரை வெட்டுன வண்டிகள் உண்டு. சென்சாரைக் கழட்டிட்டு ஓட்டையைத் திறந்தபடியே ரோட்டுல ஓட்டிப் பாக்கறது மட்டும் வேண்டாம், அதுல இருந்து வர்ற அனல் பக்கத்து ஒயரிங்கைக் கருக்கிரும்.

சென்சார் இறுகிப்போயி வரலைன்னா எஞ்சினோட உறிஞ்சலை அளக்கற வேக்கம் கேஜை, காத்து உள்ள போற இன்டேக் மேனிஃபோல்டுல மாட்டுங்க. புத்தகத்துல ஐடிலுக்கு 17-ல இருந்து 21 பாதரச இஞ்ச்னு போட்டிருக்கும், அது கடல் மட்டத்துக்கு. கோயமுத்தூர் 400 மீட்டருக்கு மேல இருக்கறதால ஒரு இஞ்சுக்குக் கொஞ்சம் மேல குறைச்சுத்தான் காட்டும், அதைப் பாத்து எஞ்சின் வீக்னு நினைச்சுராதீங்க. 2,500-ல புடிச்சு வெச்சா முள்ளு நிலையா நிக்கணும். கொஞ்சம் கொஞ்சமா இறங்கிட்டே போனா புகை போக வழியில்லைன்னு அர்த்தம்.

லேசர் தெர்மாமீட்டரை நான் துணைச் சாட்சியா மட்டும்தான் எடுத்துக்குவேன். நல்ல சூட்டுல பின்பக்கம் முன்பக்கத்தை விடக் கொஞ்சம் கூடுதலா இருக்கணும்ங்கறது சரிதான். ஆனா பளபளப்பான தகடு மேல அது பொய் சொல்லும். ரெண்டு இடத்துலயும் சூடு தாங்கற கறுப்பு பெயின்ட் ஒரு பொட்டு வெச்சு, அந்தப் பொட்டு மேல அளங்க.

கழட்டணும்னு முடிவானா எஞ்சின் முழுசா ஆறட்டும். ஜாக்கை மட்டும் நம்பி அடியில படுக்காதீங்க, ஸ்டாண்டு குடுங்க. பேட்டரி நெகட்டிவைக் கழட்டிருங்க. ஸ்டட் நட்டுக்கெல்லாம் முந்தின நாள் ராத்திரியே துரு இளக்கற ஆயில் அடிச்சு வெச்சா பாதி வேலை முடிஞ்சுது. தொங்கற ரப்பருக்கு சோப்புத் தண்ணி. வெளிய எடுத்ததும் குலுக்கிப் பாருங்க, கலகலன்னா உள்ள உடைஞ்சிருக்குது. ஒரு பக்கம் டார்ச் அடிச்சு மறுபக்கம் பாருங்க. துளை துளையா வெளிச்சம் வந்தா அடைப்பு இல்லை. கரி மட்டும் படிஞ்சிருந்தா ஹைவேயில நீலாம்பூர்ல இருந்து பெருந்துறை வரைக்கும் நாலாவது கியர்ல 3,000-ல ஒரு ஓட்டு ஓட்டுனாலே எரிஞ்சு போக வாய்ப்புண்டு. உருகிக் கண்ணாடி மாதிரி மினுங்குனா எந்த ஆசிட்டும், தின்னரும் உதவாது. கிரைண்டர் வெச்சு அறுக்கறவங்க மூக்கை மூடிக்கங்க, அந்தச் செராமிக் தூளும், சுத்தி இருக்கற பஞ்சும் நுரையீரலுக்கு ஆகாது.

எஞ்சினை ஒட்டியே கன்வெர்ட்டர் இருக்கற மாடல்ல இன்னொரு ஆபத்து இருக்குது. உடைஞ்ச தூளை எஞ்சினே திரும்ப இழுத்து சிலிண்டர் சுவரைக் கீறிரும். அந்த மாதிரி வண்டியில கலகல சத்தம் கேட்டா தள்ளிப்போடாதீங்க.

காலி டப்பாவோட எஃப்.சி.க்குப் போனா என்ன ஆகும்? பி.எஸ்.3 பெட்ரோல் காருக்கு ஐடில்ல கார்பன் மோனாக்சைடு 0.5 சதவீதம்தான் வரம்பு. பி.எஸ்.4-க்கு 0.3, அதோட ஹைட்ரோகார்பன் 200 பி.பி.எம். புகை அளக்கற குழாயை நேர்மையா சைலன்சருக்குள்ள விட்டு அளந்தா காலி டப்பா தேறறது கஷ்டம். மாட்டிக்கிட்டா மோட்டார் வாகனச் சட்டம் 190(2)-ல பத்தாயிரம் ரூபா வரைக்கும் அபராதம். அனுமதியில்லாத மாத்தத்துக்கு 182ஏ-ல அய்யாயிரம் தனி. பின்னாடி வர்ற பள்ளிக்கூடப் புள்ளைங்க மூச்சுல அந்தப் புகை போகுதுங்கறது எனக்கு அபராதத்தை விடப் பெருசாத் தெரியுது.

மாத்தறதுன்னா எஞ்சின் சி.சி.க்கும் பைப் அளவுக்கும் பொருந்தறதைப் பாத்து வாங்குங்க. கம்பெனி வெச்ச அதே இடத்துல வெல்டு பண்ணுங்க. நாலு அடி பின்னாடி தள்ளி வெச்சா ஊருக்குள்ள சூடே ஏறாது. சென்சார் மரை இறுகாம இருக்க ஆன்டி சீஸ் பசை கொஞ்சமாத் தடவுங்க, நுனியில படக்கூடாது. கழட்டுன பழசைக் கேட்டு வாங்கிக்கங்க, விட்டுட்டு வராதீங்க. உள்ள இருக்கற உலோகத்துக்காகவே அதை விலை குடுத்து எடுக்கறவங்க இருக்காங்க, அந்தக் காசு உங்களுது. புதுசு மாட்டுன அன்னைக்கே கேஜ் வெச்சு ஐடில் அளவையும் 2,500 அளவையும் சர்வீஸ் புக்குல எழுதி வெச்சுருங்க.

கன்வெர்ட்டர் அனலைத் தடுக்கற ஹீட் ஷீல்டு தகடு கடகடன்னு ஆடுதுன்னு கழட்டி எறியறாங்க, அதுவும் வேண்டாம். ஸ்டெயின்லெஸ் ஹோஸ் கிளிப் ஒண்ணைச் சுத்தி இறுக்குனா சத்தம் நின்னுரும். நம்ம பக்கம் அறுவடைச் சமயத்துல கொள்ளுக்கொடியும் சோளத்தட்டும் தார் ரோட்டுலயே காயப்போட்டிருப்பாங்க. அது மேல ஏறுனா கொடி அடியில சுத்திக்கிட்டு கன்வெர்ட்டர் சூட்டுலயே பத்திக்கும். தாண்டுனதும் ஓரங்கட்டி, குனிஞ்சு பாத்து, தொங்கற கொடியைக் குச்சியால இழுத்துப் போட்டுட்டுக் கிளம்புங்க.