அம்மம்மாவின் வயலும் அவர் பெயர் ஏறாத பத்திரமும்

எங்கள் அம்மம்மா 93 வயதில் இறைவனடி சேர்ந்து, 31ஆம் நாள் நினைவுத் திருப்பலியும் முடிந்துவிட்டது. அடக்கப் பூசையிலும் செத்தவீட்டிலும் பேசியவர்கள் எல்லோரும் அவருடைய செபமாலைப் பக்தியையும், வாசலுக்கு வந்தவரைச் சாப்பிடாமல் போகவிடாத குணத்தையும் நினைவுகூர்ந்தார்கள். அவை முழு உண்மை. ஆனால் இலங்கையின் மூதூர்ப் பக்கத்து வயலொன்றை அரை நூற்றாண்டுக்கு மேல் தாங்கி நின்ற ஒரு விவசாயியைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. அதைச் சொல்லாமல் விட்டால் அவருடைய பக்தியைக்கூட நாம் சரியாக விளங்கிக்கொள்ளவில்லை என்றே நான் கருதுகிறேன்.

1932இல் பிறந்தவர் அவர். 1951இல் கலியாணம். அரசின் அல்லைக் குடியேற்றத் திட்டத்தில் காணி வழங்கப்பட்ட காலத்தில் அம்மப்பாவுக்கு மூன்று ஏக்கர் வயலும் ஒரு மேட்டுக்காணியும் கிடைத்தன. காணிக்கு அரசு கொடுத்த உத்தரவுப் பத்திரம் அம்மப்பாவின் பெயரில் இருந்தது. காட்டை வெட்டி, வேரைக் கிண்டி, வரம்பு கட்டிய கைகளில் அம்மம்மாவின் கைகளும் இருந்தன. எட்டுப் பிள்ளைகளைப் பெற்று ஆறு பேரை வளர்த்தெடுத்ததும் அதே ஆண்டுகளில்தான். அந்தப் பிள்ளைகளுக்கு உறுதிபூசுதல் வழங்கியவர், 1947 முதல் 1974 வரை திருகோணமலை ஆயராக இருந்த அமெரிக்க இயேசு சபைத் துறவியான கிளெனி ஆண்டகை என்பதை அம்மம்மா கடைசிவரை பெருமையோடு சொல்லுவார்.

அவருடைய ஆண்டைத் திருச்சபையின் காலண்டரும் வயலும் சேர்ந்தே நடத்தின. ஒக்டோபர் செபமாலை மாதத்தில் மாரி விதைப்பு. மழை இருட்டிக்கொண்டு வரும் மாலையில் விதைத்துவிட்டு வந்து, கால் கழுவி, சேறு முழுதாகப் போகாத விரல்களால் மணிகளை உருட்டுவார். நவம்பர் மரித்த ஆத்துமாக்களின் மாதம். இறந்துபோன தம் இரண்டு பிள்ளைகளின் பெயரைச் சொல்லிச் சொல்லிக் களை பிடுங்குவார். நத்தாருக்குள் வெள்ளம் வடிய வேண்டும் என்று அந்தோனியாருக்கு நேர்த்தி வைப்பார். தைமாதம் புதிர் எடுத்தால் முதல் அரிசி கோயிலுக்குப் போகும். வெள்ளாமை வெட்டு பெரும்பாலும் தவக்காலத்தில் வந்து விழும். வெட்டுக்காரருக்கு விடியப் புறமே சோறும் மீன்குழம்பும் சமைத்து வாடிக்குக் கொண்டுபோய்ப் பரிமாறிவிட்டு, தாம் ஒருசந்தியாக இருந்து, அந்த வெயிலில் அவர்களோடு சேர்ந்து கதிர் அரிவார். வெறும் வயிற்றோடு வேலை செய்ய வேண்டாம் என்று அம்மா தடுத்தால், "வேலை இல்லாத நாளில நோன்பு இருந்தா அது என்ன நோன்பு பிள்ளை?" என்பார்.

இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு பூசை தமிழில் வந்தது அவருடைய வாழ்வில் பெரிய நிகழ்வு. இலத்தீன் பாட்டுகளை மறக்கவில்லை என்றாலும், நற்செய்தியை முதன்முதலாகத் தமது மொழியில் கோயிலில் கேட்டதைத் திரும்பத் திரும்பச் சொல்லுவார். விதைப்பவன் உவமையைக் கேட்டுவிட்டு, எந்த விவசாயி பாறையிலும் பாதையிலும் விதைப்பான் என்று நாங்கள் கேட்டபோது, வீசி விதைக்கும்போது கொஞ்ச நெல் வரம்பிலும் விழத்தான் செய்யும், அதைக் காகம் கொத்தும், ஆண்டவர் விதைப்பைப் பார்த்தவர், நீங்கள் பார்க்கவில்லை என்றார். அந்த உவமைக்கு அதைவிட நல்ல விளக்கத்தை நான் எந்தப் பிரசங்கத்திலும் கேட்டதில்லை.

அம்மப்பா 1981இல் காலமானார். அதன் பிறகு விதைநெல் எடுத்து வைப்பதும், வாய்க்கால் முறைக்காக, தண்ணீர்ப் பங்கீட்டைக் கவனிக்கும் வட்டவிதானையிடம் பேசுவதும், கூலி கொடுப்பதும், கடனைத் திருப்பிக் கட்டுவதும் எல்லாம் அம்மம்மாதான். 1990இல் சண்டைக்குப் பயந்து ஓடினோம், திரும்பினோம். 1990 ஓகஸ்ட் 15, மாதாவின் விண்ணேற்புத் திருநாளன்று மட்டக்களப்புக்குப் போகும் வழியில் காணாமற்போன இயேசு சபைக் குருவான ஹெபர்ட் சுவாமியின் பெயர் அன்றிலிருந்து எங்கள் வீட்டு இரவுச் செபத்தில் சேர்ந்தது. பின்னர் ஒருபோதும் விடுபடவில்லை. 2006 யூலையில், எங்கள் பக்கத்து வயல்களுக்குத் தண்ணீர் விடும் மாவிலாற்று மதகு மூடப்பட்டபோது சிறுபோகப் பயிர் வயலில் நின்றது. நிலம் வெடித்ததைப் பார்த்துக்கொண்டிருந்தவர், அடுத்த மாதம் சண்டை வந்ததும் 74 வயதில் வெருகலைத் தாண்டி வாகரைக்கும், அங்கிருந்து மட்டக்களப்பு முகாமுக்கும் போனார். 2007இல் திரும்பி வந்தவர் வீட்டுக்குக் கூரை போடுவதற்கு முன் வரம்பைத்தான் போய்ப் பார்த்தார்.

இனி நான் சொல்ல வந்த விடயம். இத்தனைக்குப் பிறகும் அந்த வயல் அவருடையதாக இருக்கவில்லை. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்படி, கணவன் தமக்குப் பின் காணியைப் பெறும் பின்னுரித்தாளர் எவரையும் நியமிக்காமல் இறந்தால், மனைவி தம் ஆயுட்காலம் வரை காணியை அனுபவிக்கலாம். மறுமணம் செய்தால் அதுவும் போய்விடும். அடுத்து யாருக்கு என்று நியமிக்கும் உரிமை அவருக்கு இல்லை. அவருக்குப் பின் காணி போகும் வரிசையில் மகள்களுக்கு முன்னே மகன்கள் நின்றார்கள். மகளுக்கு வீட்டைக் கொடுத்துக் கலியாணம் செய்துவைக்கும் எங்கள் கிழக்கு மாகாண வழக்கத்துக்கு இது முற்றிலும் மாறானது. தம் தாயிடமிருந்து வீடு பெற்ற அம்மம்மா, தாம் உழைத்த வயலைத் தம்மோடு நின்று உழைத்த மகளுக்குக் கொடுக்க முடியாத நிலைக்கு ஆளானார்.

2022ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் இந்த ஆண் பெண் வேறுபாட்டை நீக்கியிருக்கிறது. நல்ல மாற்றம், ஆனால் 87 ஆண்டுகள் தாமதமான மாற்றம். அதற்கிடையில் எத்தனை பெண்கள் தாம் வெட்டிய காட்டில் தம் மகனின் தயவில் இருந்து இறந்தார்கள் என்பதை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது. கனடாவில் உள்ள எங்கள் மூத்த மாமா மனமுவந்து இசைந்ததால் வயலை அம்மாவின் பெயருக்கு மாற்றும் வேலை இப்போது பிரதேச செயலகத்தில் நடக்கிறது. இசையாத மாமாக்கள் உள்ள வீடுகளும் எங்கள் ஊரிலேயே உண்டு.

ஆகவே இதை வாசிக்கும் உறவுகளிடம் ஒன்றைக் கேட்கிறேன். உங்கள் வீட்டில் குடியேற்றத் திட்டக் காணி இருந்து, பத்திரம் அப்பாவின் பெயரிலோ அண்ணனின் பெயரிலோ இருந்தால், பின்னுரித்தாளராக யாருடைய பெயர் பதிவாகியிருக்கிறது என்று இந்தக் கிழமையே பாருங்கள். பதிவு இல்லை என்றால், பத்திரக்காரர் உயிரோடு இருக்கும்போதே அவரையும் அழைத்துக்கொண்டு பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவுக்குப் போங்கள். வயலில் நின்றது யார் என்பதை அவரிடமே கேளுங்கள்.