தங்கச்சி வரைந்த ரெக்கார்டு நோட்டு

என் அண்ணன் பிளஸ் டூ படித்தபோது அவனுடைய தாவரவியல் ரெக்கார்டு நோட்டுக்கு முழு மதிப்பெண் கிடைத்தது. அதில் இருந்த படங்கள் அத்தனையும் நான் வரைந்தவை. அப்போது நான் ஒன்பதாவது. செம்பருத்திப் பூவை பிளேடால் நீளவாக்கில் பிளந்து, மகரந்தக் குழலுக்குள் சூல்தண்டு ஓடுவதைப் பார்த்துப் பார்த்து வரைந்து, ஸ்கேல் வைத்துக் கோடு இழுத்து, பாகங்களின் பெயரை எழுதினேன். லேபிளில் அண்ணன் பெயர். எங்கள் வீட்டில் அது ஒரு விஷயமாகவே யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும் உட்பட. நம் ஊரில் எத்தனை அக்காக்களும் தங்கச்சிகளும் இப்படி ராத்திரி உட்கார்ந்து வரைந்து கொடுத்திருப்பார்கள் என்பது இதைப் படிக்கும் உங்களுக்கே தெரியும்.

இப்போது கோத்தகிரிப் பக்கம் ஒரு பள்ளியில் நானே தாவரவியல் டீச்சர். இந்த மலையின் செடிகளையும் பறவைகளையும் வரைந்த பெண்களைப் பற்றித் தேடிப் படிக்க ஆரம்பித்தபோது முதலில் நினைவுக்கு வந்தது அந்த நோட்டுதான்.

கோத்தகிரிக்கு வருகிறவர்கள் கேத்தரின் அருவியைப் பார்க்காமல் போவதில்லை. அரவேணுவை ஒட்டி விழும் அந்த அருவியைப் படகர்கள் கெத்தெஹாட ஹள்ளா என்பார்கள். இப்போதைய பெயர், இங்கே காபி பயிரிட்ட எம். டி. காக்பர்ன் துரையின் மனைவியுடையது. டூரிஸ்ட் வண்டி ஓட்டுகிற தம்பிகள்கூட இந்தக் கதையைச் சொல்வார்கள். அதே காக்பர்ன் துரைக்கு மார்கரெட் என்று ஒரு மகள் இருந்ததைத்தான் யாரும் சொல்வதில்லை. 1829-ல் பிறந்து 1928-ல் மறைந்தவர். வாழ்நாளின் பெரும்பகுதி இதே கோத்தகிரியில்தான். தேயிலைத் தோட்டமும் போட்டார். அதற்கு நடுவே இங்குள்ள பறவைகளையும் செடிகளையும் நீர்வண்ணத்தில் வரைந்தார், கூடுகளையும் முட்டைகளையும் கவனித்துக் குறிப்பெழுதினார். அந்தக் குறிப்புகள் போனது ஆலன் ஆக்டேவியன் ஹியூமுக்கு. காங்கிரஸைத் தொடங்கியவர் என்று பாடப்புத்தகத்தில் படித்தோமே, அதே ஹியூம்தான். இந்தியப் பறவைகளின் கூடுகள் பற்றி 1870-களில் அவர் போட்ட புத்தகத்தில் கோத்தகிரித் தகவல் வரும் இடங்களில் "மிஸ் காக்பர்ன்" என்று இருக்கும். படங்கள் இன்று லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் தவிட்டுப்பழம் பழுக்கும்போது நீலகிரி சிரிப்பான் என்ற பறவை கூட்டமாக வந்து கத்தித் தீர்க்கும். நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் இதே ஊரில் ஒரு பெண் இதே சத்தத்தைக் கேட்டுக்கொண்டு தூரிகையைத் தொட்டிருப்பார் என்று நினைக்கும்போது எனக்குச் சிலிர்க்கிறது.

போன மாதம் இதைப் பற்றி நான் இரண்டு வரி எழுதியபோது, "துரைசானிகளுக்குப் பொழுது போகாமல் வரைந்தது, அதற்கு இவ்வளவு கொண்டாட்டமா?" என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். அவர்களுக்கு வேலைக்காரர்கள் இருந்தார்கள், வசதி இருந்தது, ஆட்சியும் அவர்களுடையதாக இருந்தது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் "பொழுதுபோக்கு" என்ற சொல்லை ஏற்க மாட்டேன்.

ஏன் என்று ஒரு பூவை வைத்தே சொல்கிறேன். சோலைக்குள் ஓடை ஓரம் காட்டுக் காசித்தும்பை பூத்திருக்கும். பறித்துக் கையில் வைத்து நாலு எட்டு நடப்பதற்குள் துவண்டுவிடும். கீழ்ப் புல்லி இதழ் பின்பக்கம் வாலாக நீண்டு நுனியில் தேனை வைத்திருக்கும். ஐந்து மகரந்தத்தாள்களும் தலைப்பக்கம் ஒட்டிக்கொண்டு சூலகத்தின் மேல் குல்லா போட்ட மாதிரி உட்கார்ந்திருக்கும். இதைத் தாளுக்கு நடுவே அழுத்திக் காயவைத்தால் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிச் சவ்வு போலாகிவிடும். அப்புறம் எந்த ஹெர்பேரியத்தில், அதாவது உலர்த்திய செடிகளைச் சேர்த்து வைக்கும் காப்பகத்தில், எடுத்துப் பார்த்தாலும் இதழ் எது, வால் எது என்று பிரித்தறிவது பெரும்பாடு. பச்சையாக இருக்கும்போதே ஒருவர் உட்கார்ந்து, பிரித்து, எண்ணி வரைந்திருந்தால்தான் உண்டு. பறவையும் அப்படித்தான். பஞ்சடைத்த உடலில் இறகின் நிறம் தங்கும். கண்ணின் நிறம் போய்விடும், அலகும் காலும் மங்கிவிடும். அப்படியென்றால் அந்த நிறங்களுக்குச் சாட்சி யார்? வரைந்தவர்தானே. அதை அறிவியல் வேலை என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது?

இந்த மலைகளின் செடிகளைப் பற்றிப் படிக்கிற எவருக்கும் ஃபைசன் பெயர் தெரியும். சென்னை மாநிலக் கல்லூரியில் தாவரவியல் பேராசிரியர். நீலகிரியிலும் பழனி மலையிலும் 6,500 அடிக்கு மேலே வளரும் செடிகளைப் பற்றி 1915 முதல் 1920 வரை மூன்று தொகுதிகள் போட்டார். அதை விரித்து 1932-ல் இன்னொரு நூல். இந்த வேலைக்கு அடித்தளமே கொடைக்கானலைச் சுற்றி ஆல்ஃபிரட் போர்னும் அவர் மனைவி எமிலியும் சேகரித்த செடிகள்தான். படங்களில் பல எமிலி போர்ன் வரைந்தவை. பல ஃபைசனின் மனைவி டயானா ரூத் வரைந்தவை. ஆனால் "ஃபைசனில் பார்", "ஃபைசன் படம்" என்றுதான் நாங்கள் கல்லூரியில் பேசிக்கொள்வோம். நானும் அப்படித்தான் பேசினேன். ரூத் என்று ஒரு பெயர் இருப்பதே எனக்கு முப்பது வயதுக்கு மேல்தான் தெரிந்தது. பழனி மலைச் செடி ஒன்றுக்கு கேம்பிள் என்ற தாவரவியலாளர் பிளெக்ட்ராந்தஸ் போர்னியே என்று பெயர் வைத்தார். அந்த லத்தீன் விகுதி பெண்பால், அதாவது அது எமிலிக்கான மரியாதை. அதிலும் இருப்பது வீட்டுக்காரரின் குடும்பப் பெயர்தான்.

ஃபைசனுக்கு முந்தைய நூற்றாண்டில் ராபர்ட் வைட் என்ற தாவரவியலாளர் நீலகிரிச் செடிகளைப் பற்றிப் புத்தகம் போட்டபோது படம் வரைந்தவர்கள் ரங்கையா, கோவிந்து என்ற இருவர். கோவிந்துவின் பெயரில் ஓர் ஆர்க்கிட் பேரினத்தையே வைட் அறிவித்தார். ஆகவே, மனது வைத்தால் வரைந்தவரின் பெயரைச் சொல்ல அந்தக் காலத்திலும் முடிந்திருக்கிறது. இன்னொரு கூட்டமும் என் மனதில் உண்டு. எந்தச் சரிவில் எது பூக்கும், எந்தப் புதரில் எது கூடு கட்டும் என்று காட்டிக் கொடுக்காமல் வெளியூரிலிருந்து வந்தவர்களால் இவ்வளவு சேகரித்திருக்க முடியாது. காட்டிக் கொடுத்த கைகளுக்கு எந்தப் பக்கத்திலும் பெயர் இல்லை.

அதனால் இந்த வருஷம் என் வகுப்பில் ஒரு வழக்கத்தைக் கொண்டு வந்திருக்கிறேன். ஒவ்வொரு படத்துக்கும் கீழே வரைந்தவர் பெயர், தேதி, செடி கிடைத்த இடம், பறித்துக் கொடுத்தவர் பெயர், நாலையும் எழுத வேண்டும். ஒரு மாணவி தவிட்டுப்பழப் பூவை வரைந்து வந்தாள். முதலில் ரோஸாக இருந்து போகப்போக வெளுக்குமே, இரண்டு நிலையையும் பக்கத்தில் பக்கத்தில் வரைந்திருந்தாள். கீழே, "பறித்தவர்: என் பாட்டி" என்று பாட்டியின் பெயரோடு. ஒரு பையனின் நோட்டில், "வரைந்தவர்: என் அக்கா" என்று இருந்தது. அவனை மறுபடி வரையச் சொன்னேன். அக்கா வரைந்த தாளைக் கிழிக்க மட்டும் விடவில்லை. அவள் பெயரையும் எழுதச் சொல்லி நோட்டிலேயே ஒட்டி வைத்திருக்கிறோம்.

ஒரு உதவி. ஃபைசனின் பழைய தொகுதி, அச்சுப் புத்தகமாகவே, நீலகிரியில் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள். நான் போனில்தான் பார்த்திருக்கிறேன், பிள்ளைகள் தாளில் பார்க்க வேண்டும். ஒருநாள் கொடுத்தால் போதும், பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவந்து கொடுக்கிறேன்.