அவர் கடவுள் என்றால், கடவுள் இப்படிப்பட்டவர்

இயேசு முழுமையாகக் கடவுளே என்று பிஷப்புகள் கூடி முடிவு செய்த நிசேயா சங்கம் நடந்து 1700 ஆண்டுகள் நிறைந்ததை 2025ஆம் ஆண்டில் உலகெங்கும் திருச்சபைகள் நினைவுகூர்ந்தன. அந்தச் சமயத்தில் எங்கள் சபை வாலிபர் ஐக்கியத்தில் ஒரு தம்பி கேட்ட கேள்வி இன்னும் எனக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. "அக்கா, 325ஆம் வருடம் துருக்கி நாட்டில் பிஷப்புகள் கூடி வாக்குவாதம் செய்ததற்கும், நான் திங்கட்கிழமை காலையில் அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு வேலைக்குப் போவதற்கும் என்ன சம்பந்தம்?" என்றான்.

நிறையச் சம்பந்தம் இருக்கிறது தம்பி. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

திருவிருந்து ஆராதனையில் எல்லோரும் எழுந்து நின்று, அந்தச் சங்கத்தில் வேரூன்றிய விசுவாசப் பிரமாணம் சொல்கிறோம். இயேசு பிதாவோடு ஒரே தன்மையுடையவர், படைக்கப்பட்டவர் அல்லர், மெய்யான தேவன் என்று அறிக்கை செய்கிறோம். பிறகு உட்கார்ந்து அறிவிப்புகளைக் கேட்கிறோம். இயேசுவுக்கு மிக உயர்ந்த இடத்தைக் கொடுத்துவிட்டோம் என்ற திருப்தி நமக்கு வந்துவிடுகிறது. அந்த வரிகளில் கடவுளைப் பற்றி நாம் என்ன சொன்னோம் என்று யோசிப்பவர்கள் குறைவு. இயேசுதான் கடவுள் என்றால், கடவுளின் குணம் இயேசுவின் குணம்தான். அவருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு வேறு குணமுள்ள இன்னொரு கடவுள் கிடையாது. இந்த ஒன்றை ஏற்றுக்கொண்டால் திங்கட்கிழமையும் மாறித்தான் ஆக வேண்டும்.

அந்த வாக்குவாதத்துக்குக் காரணமான, எகிப்தின் அலெக்சாந்திரியாவில் மூப்பராக (குருவாக) இருந்த ஆரியஸை நாம் வில்லனாகவே பார்த்துப் பழகிவிட்டோம். அவருடைய கவலை நேர்மையானது. பசித்தவர், களைத்துப்போய்ப் படகில் தூங்கியவர், நண்பனின் கல்லறையில் அழுதவர், கடைசியில் ஆணி அடிக்கப்பட்டவர் எப்படி முழுமுதற் கடவுளாக இருக்க முடியும்? கடவுளின் மகிமைக்கு இழுக்கு வரக்கூடாது என்று நினைத்தார். ஆகவே, குமாரன் எல்லாப் படைப்புகளுக்கும் மேலானவர், ஆனாலும் படைக்கப்பட்டவரே என்றார். அவர் இல்லாத ஒரு நிலை இருந்தது என்றார். கேட்பதற்கு எவ்வளவு பக்தியாக இருக்கிறது பாருங்கள். கடவுளைத் துன்பத்திலிருந்து பத்திரமாகத் தள்ளி வைக்கும் பக்தி.

அதே ஊரிலிருந்து தன் பிஷப்புக்கு உதவியாளராகச் சங்கத்துக்கு வந்த இளைஞர் அத்தனாசியுஸ். பிற்பாடு அவரே பிஷப் ஆனார். இயேசு கடவுளே என்ற இந்த ஒரு விசுவாசத்தை விட்டுக்கொடுக்காததால் ஐந்து முறை நாடு கடத்தப்பட்டார். தன் ஆயுளில் ஏறக்குறைய 17 ஆண்டுகள் நாடுகடத்தலில் கழித்தார். தத்துவ நுணுக்கம் ஒன்றுக்காக மட்டும் ஒரு மனிதர் இவ்வளவு இழப்பாரா? அவருக்குத் தெரிந்திருந்தது: இயேசு கடவுள் இல்லையென்றால், குஷ்டரோகியைத் தொட்டது ஒரு நல்ல தூதர். கடவுள் தொடவில்லை. அவர் வழக்கம்போலத் தூரத்தில்தான் இருந்தார்.

இதை எனக்கு மிகத் தெளிவாக விளங்க வைத்தவர் இறையியல் படித்தவர் அல்லர். தாம்பரம் சானடோரியத்தில் தொண்ணூறுகளில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்ற ஓர் அம்மா. எச்ஐவி நோயாளிகளைச் சொந்த வீட்டார்கூட வாசலோடு விட்டுவிட்டுப் போன காலம் அது. இறந்தவர்களின் உடலை வாங்கிக்கொள்ளவும் ஆள் வராத நாட்கள் உண்டு என்று அவர் சொல்லியிருக்கிறார். அந்த வார்டில் நோயாளிகளுக்குச் சோறு ஊட்டியிருக்கிறார், தலை வாரிவிட்டிருக்கிறார், கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறார். பயமாக இல்லையா என்று கேட்டேன். "பயமாகத்தான் இருந்தது. ஆனால் இயேசு மனதுருகி, கையை நீட்டி, தொட்டார் என்று மாற்கு எழுதியிருக்கிறாரே. அவர் தெய்வம் என்றால் தெய்வமே தொட்டிருக்கிறது. பிறகு என் கையை இழுத்துக்கொள்ள நான் யார்?" என்றார். நிசேயா சங்கத்தின் பெயர்கூட அவருக்குத் தெரிந்திருக்காது. அதன் முடிவை அவர் அளவுக்குப் புரிந்துகொண்ட ஒருவரை நான் இதுவரை சந்தித்ததில்லை.

நாமோ வாயால் அத்தனாசியுஸின் பக்கம், மனதால் ஆரியஸின் பக்கம். இயேசு தெய்வம் என்று உரக்கச் சொல்லிவிட்டு, அவருடைய குணத்துக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு தெய்வத்திடம் போய் நிற்கிறோம். வீடு கொடுக்கும் தெய்வம், விசா கொடுக்கும் தெய்வம், எதிரிகளை வெட்கப்படுத்தும் தெய்வம். டிசம்பர் 31 இரவு ஆராதனை முடிந்ததும், புது ஆண்டுக்கான வேத வசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டை எடுக்க நிற்கும் வரிசையைச் சென்னையில் எந்தச் சபையிலும் பார்க்கலாம். "வாலாக்காமல் தலையாக்குவார்" என்ற வசனம் கிடைத்தவர் முகத்தில் வரும் மகிழ்ச்சியையும் பார்க்கலாம். உபாகமத்தில் இருக்கும் வசனம்தான், நல்ல வசனம்தான். ஆனால் தேவனுடைய ரூபமாயிருந்தும் தம்மைத்தாமே வெறுமையாக்கி அடிமையின் ரூபம் எடுத்தார் என்று பிலிப்பியருக்கு எழுதிய நிருபத்தில் பவுல் சொல்வதை யாராவது அட்டையில் அச்சடித்து வாக்குத்தத்தமாகக் கொடுப்பார்களா? கொடுத்தால் வாங்கிக்கொள்வோமா? வேறு அட்டை எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்போம்.

குழந்தை காய்ச்சலில் கிடக்கும்போது ஜெபிக்கும் தாயை நான் குறை சொல்லவில்லை. வேலை போனவர் வேலைக்காக மன்றாடத்தான் வேண்டும். அன்றன்றுள்ள அப்பத்தைக் கேட்கச் சொல்லிக்கொடுத்தவரே இயேசுதான். எனக்கு வருத்தம் தருவது, கேட்பதோடு உறவு முடிந்துபோவது. கேட்டதைப் பெறுவதற்கான வழியாக மட்டுமே அவருடைய தெய்வீகத்தை வைத்துக்கொள்வது.

இந்தச் சென்னையின் வரலாற்றிலேயே இதற்கு ஒரு கசப்பான சாட்சி இருக்கிறது. 1833இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், திருச்சபைக்குள் சாதி வேறுபாட்டை உடனடியாகவும் முற்றிலுமாகவும் விட்டுவிட வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். தஞ்சாவூரிலும் இங்கே வேப்பேரியிலும் உயர்சாதியாகத் தங்களை எண்ணிய பல கிறிஸ்தவர்கள் அதை ஏற்க மறுத்துச் சபையை விட்டு வெளியேறினார்கள். அவர்கள் இயேசுவின் தெய்வீகத்தைச் சந்தேகித்தவர்கள் அல்லர். விசுவாசப் பிரமாணத்தில் ஓர் எழுத்தைக்கூட மறுத்தவர்கள் அல்லர். மற்றவர்களோடு கலந்து உட்காரவும் ஒரே பாத்திரத்தில் பானம் பண்ணவும்தான் அவர்களால் முடியவில்லை. அறிக்கை முழுமையாக இருந்தது, ஒப்புக்கொடுத்தல் பந்தி வரைக்கும் வரவில்லை.

பழைய கதை என்று தள்ளிவிடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை நாளிதழில் மணமக்கள் தேவை பகுதியைப் பிரித்துப் பாருங்கள். "இரட்சிக்கப்பட்ட, ஜெபிக்கிற மணமகள் தேவை" என்று இருக்கும், அதே வரியில் சாதியும் இருக்கும். எவ்வளவு சுலபமாக இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்துவிடுகின்றன! இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. தம் சீடர்கள் எல்லாருடைய கால்களையும் கழுவியவரைக் கடவுள் என்று அறிக்கை செய்துவிட்டு, யாருடைய கால் நம் வீட்டு வாசலை மிதிக்கலாம் என்று பட்டியல் போடுகிறோம். அன்று அவர் கழுவிய கால்களில் அவரைக் காட்டிக்கொடுத்த யூதாசின் கால்களும் இருந்தன.

ஒப்புக்கொடுத்தல் என்ற பேச்சை எடுத்தாலே நம் ஊரில் உடனே வரும் கேள்வி, "எந்தத் தேதியில் இரட்சிக்கப்பட்டீர்கள்?" என்பது. கன்வென்ஷன் மேடையிலிருந்து அழைப்பு வந்தபோது கையை உயர்த்திய நாளைப் பலர் பிறந்தநாளைப் போல நினைவில் வைத்திருக்கிறார்கள். உண்மையாகவே அந்த நாளில் வாழ்க்கை திரும்பியவர்களை எனக்குத் தெரியும். குடித்துக்கொண்டிருந்த கணவர் குடிப்பதை நிறுத்திய வீடுகளில் நான் சாப்பிட்டிருக்கிறேன். அதை லேசாகப் பேச மாட்டேன். ஆனாலும் தேதி ஒன்றைச் சொல்ல முடியாதவர்களை இரண்டாந்தர விசுவாசிகளாகப் பார்ப்பது சரியில்லை. சுவிசேஷங்களிலேயே அந்த ஒழுங்கு இல்லை.

இயேசுவின் சீடர்களில் நம் ஊருக்கு மிக நெருங்கியவரான தோமாவையே எடுத்துக்கொள்ளுங்கள். சைதாப்பேட்டையில் சின்னமலை, அப்பால் பரங்கிமலை, கடலோரம் சாந்தோம் என்று இந்த நகரமே அவருடைய பெயரைச் சுமந்துகொண்டிருக்கிறது. கி.பி. 52இல் இந்தியாவுக்கு வந்தார், 72இல் இங்கே இரத்தசாட்சியாக மரித்தார் என்பது மரபு. அவரைச் சந்தேகத் தோமா என்று ஒரே பெயரில் அடைத்துவிட்டோம். யோவான் 11ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். இயேசுவின் நண்பன் லாசரு இறந்துவிட்டான். யூதேயாவுக்குப் போனால் கல்லெறிந்து கொல்வார்கள் என்று சீடர்கள் தயங்குகிறார்கள். அப்போது, "அவரோடேகூட மரிக்கும்படி நாமும் போவோம் வாருங்கள்" என்று சொன்னவர் தோமாதான். இயேசு கடவுளா என்ற கேள்வி அவருக்கு அப்போது தீர்ந்திருந்ததாகத் தெரியவில்லை. ஆனாலும் சாகத் துணிந்தார். பிறகு கெத்செமனேயில் எல்லாரும் ஓடியபோது அவரும் ஓடினார். உயிர்த்தெழுந்த செய்தி வந்தபோது நம்ப மறுத்தார். எட்டு நாள் கழித்து, இயேசுவை நேரில் பார்த்து, "என் ஆண்டவரே! என் தேவனே!" என்றார். நான்கு சுவிசேஷங்களிலும் இதைவிட நேரடியான அறிக்கை ஒரு சீடரின் வாயிலிருந்து வரவில்லை.

அர்ப்பணிப்பு முதலில், ஓட்டம் அடுத்து, சந்தேகம் அதன் பிறகு, அறிக்கை கடைசியில். எந்த ஞானஸ்நான வகுப்பிலும் இந்த வரிசையைச் சொல்லிக்கொடுப்பதில்லை. தோமா எதைப் பார்த்து அப்படிச் சொன்னார் என்பதும் முக்கியம். அவர் முன்னால் இருந்தது சிங்காசனம் அல்ல, ஆணி துளைத்த கைகளும் ஈட்டி குத்திய விலாவும். காயங்களைப் பார்த்துத்தான் ஒரு யூதர் இன்னொரு மனிதரைத் தேவன் என்று அழைத்தார். ஆரியஸ் எதைக் கடவுளுக்கு இழுக்கு என்று நினைத்தாரோ, அதே இடத்தில்தான் தோமா கடவுளைக் கண்டுகொண்டார்.

சென்னைக் கிறிஸ்தவர்கள் மறந்துபோன இன்னொருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். வி. சக்கரைச் செட்டியார். இந்துக் குடும்பத்தில் பிறந்து, சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்து, 1903இல் ஞானஸ்நானம் பெற்றவர், வழக்கறிஞர். கண்ணுக்கு மறைந்திருக்கும் கடவுளின் முகத்தை இயேசுவிடம்தான் பார்க்கிறோம் என்பது அவருடைய இறையியலின் மையம். அவதாரம் என்ற நம் மண்ணின் சிந்தனையை எடுத்துக்கொண்டு, இயேசுவின் மனித உருவேற்பு வந்து முடிந்துபோன ஒன்று அல்ல, என்றும் நிலைத்திருப்பது என்று வாதாடினார். அதே மனிதர் தொழிற்சங்கத் தலைவர். அகில இந்தியத் தொழிற்சங்கக் காங்கிரசின் தலைவராகவும் இருந்தார். 1941இல் சென்னை மேயரானார். கடவுள் தச்சராக வேலை செய்திருக்கிறார் என்று நம்புகிறவர் தொழிலாளியின் கூலிக்காகப் பேசியதில் எனக்கு எந்த ஆச்சரியமும் இல்லை. நம் ஞாயிறு பள்ளிப் பாடத்தில் அவருக்கு ஒரு பக்கம்கூட இல்லை என்பதுதான் வேதனை.

நற்கிரியைகளால் இரட்சிப்பு என்று நான் போதிப்பதாகச் சிலர் கருத்துப் பெட்டியில் எழுதப்போகிறீர்கள். இல்லை. கிருபையால்தான் இரட்சிப்பு. அந்தக் கிருபை யாரிடமிருந்து வந்ததோ அவருடைய சாயல் நம்மிடம் தெரிய வேண்டும் என்கிறேன், அவ்வளவுதான். "கர்த்தாவே! கர்த்தாவே!" என்று சொல்லுகிறவர்களைப் பற்றி மலைப்பிரசங்கத்தில் எச்சரித்தவரும் அவரே. தேவன் ஒருவர் உண்டென்று பிசாசுகளும் விசுவாசித்து நடுங்குகின்றன என்று யாக்கோபு எழுதியிருக்கிறார். சரியான கோட்பாடு பிசாசிடமும் இருக்கிறது.

பிற மதத்து நண்பர்களும் இதை வாசிப்பீர்கள். இயேசு தெய்வம் என்று நான் சொல்வது உங்கள் நம்பிக்கையைத் தாழ்த்துவதற்கு அல்ல. அப்படிச் சொல்வதால் உங்கள் முன்னால் நான்தான் கடன்பட்டவளாகிறேன். கால் கழுவிய கடவுளை வணங்குகிறவளாக நான் நடந்துகொள்கிறேனா என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

அந்தத் தம்பிக்குக் கையில் கொடுக்க ஒன்று இருக்கிறது. 1947 செப்டம்பர் 27 அன்று கதீட்ரல் சாலையில் உள்ள செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது, மெதடிஸ்டுகள் தங்களோடு கொண்டுவந்த செல்வங்களில் ஒன்று உடன்படிக்கை ஆராதனை. மெதடிஸ்டு இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி 1755இல் லண்டனில் தொடங்கிவைத்த வழக்கம் அது. நான் இனி எனக்குச் சொந்தமல்ல, உமக்கே சொந்தம், உமது விருப்பப்படி என்னை எங்கும் வையும், யாரோடும் சேர்த்துவையும், நிரப்பினாலும் வெறுமையாக்கினாலும் உம்முடையவனே என்ற பொருளில் சபையார் சேர்ந்து சொல்லும் ஜெபம் அதில் இருக்கிறது. வழக்கமாகப் புத்தாண்டின் தொடக்கத்தில் வரும். கடவுளுடைய வாக்கை அட்டையில் வாங்க நள்ளிரவில் முண்டியடிக்கும் நாம், நம்முடைய வாக்கை அவருக்குக் கொடுக்கும் அந்த ஆராதனையை அவசரமாக வாசித்து முடித்துவிடுகிறோம்.

அந்த ஜெபத்தை ஆராதனைக்கு ஒரு வாரம் முன்பே அச்சடித்து வீடுவீடாகக் கொடுக்க வேண்டும், குடும்பமாக உட்கார்ந்து வரிவரியாகப் பேசிய பிறகே சபையில் சொல்ல வேண்டும் என்று எங்கள் ஆயரிடம் கேட்டிருக்கிறேன். "யாரோடும் சேர்த்துவையும்" என்ற இடத்தில் நம் வீடுகளில் வரனுக்குப் போடும் நிபந்தனைகளைப் பற்றிப் பேச வேண்டும் என்றும் சேர்த்துச் சொன்னேன். சபை நிர்வாகத்தைக் கவனிக்கும் குருசேகரக் கமிட்டியில் வைக்கிறேன் என்றார். உங்கள் சபைகளிலும் கேட்டுப் பாருங்கள். என்ன பதில் வந்தது என்று கீழே எழுதுங்கள்.