கோகோ நாற்றுக் கருகலுக்குக் கார்பென்டசிம் தீர்வன்று
மழைக்காலத்தில் கோகோ நாற்றுகள் கருகினால் கார்பென்டசிம் என்னும் பூஞ்சைக்கொல்லியைத் தெளித்து நிழலைக் கூட்டினாலே போதும் என்று கூறப்படுவது தவறான வழிகாட்டல். இலையும் தண்டு நுனியும் கருகி நாற்று மடியும் இந்நோய்க்குப் பெரும்பாலும் காரணமான பைட்டோப்தோரா பால்மிவோரா என்னும் நுண்ணுயிரி, வழக்கில் பூஞ்சை என்று அழைக்கப்பட்டாலும் உண்மைப் பூஞ்சை அன்று. ஊமைசீட் என்னும் வேறு குழுவைச் சேர்ந்த அதன்மீது கார்பென்டசிம் வேலை செய்வதில்லை. அதன் நீந்தும் வித்துகள் பரவுவதற்கு இலைமேல் தங்கும் நீர்ப்படலமும் தெறிக்கும் மழைத்துளியுமே போதும் என்பதால், நிழலை மேலும் அடர்த்தியாக்குவது ஈரத்தை நீட்டித்து நோய்க்கே உதவும் (இளநாற்றுக்கு ஓரளவு நிழல் தேவை என்பது வேறு விஷயம்). வடிகாலைச் சரிசெய்து, நாற்றுப் பைகளை இடைவெளிவிட்டு அடுக்கி, கருகியவற்றை உடனே அகற்றுவதே முதல் வேலை. மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த 1 சதவீத போர்டோ கலவையை மழை தொடங்குவதற்கு முன்பே தெளிப்பது அதற்குத் துணை நிற்கும்.