ஞாயிறு இரவு 11:59

போன மாதம் கனடாவின் ஸ்காபரோவில் ஒரு பிறந்தநாள் விழா. சாப்பாட்டு வரிசையில் எனக்கு முன்னால் நின்ற நம்மவர் ஒருவர் சொன்னார்: "இந்தப் பூர்வகுடி ஆட்களுக்கு என்ன குறை? படிப்பு இலவசம், வரி கிடையாது. படிக்க மனமில்லை, அவ்வளவுதான்." கையில் தட்டு இருந்தது, பின்னால் வரிசை இருந்தது, பேசாமல் நகர்ந்துவிட்டேன். அது இன்னமும் உறுத்துகிறது. அங்கே சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

நாற்பத்து மூன்று வயதில் நான் மறுபடியும் மாணவி. குழந்தைப் பராமரிப்பில் இணையவழி டிப்ளோமா. எங்கள் குழுவில் நான்கு பேர். அவர்களில் ஒருவர் ஒஜிப்வே என்ற பூர்வகுடி இனத்தவர். தங்களை அனிஷினாபே என்றுதான் சொல்லிக்கொள்வார்கள். வடமேற்கு ஒன்ராறியோவில் இருக்கிறார். எட்டு வயதில் ஒரு மகள், ஐந்து வயதில் ஒரு மகன், வளர்ப்பது அவர் மட்டும். பகலில் வேலை. செவ்வாய் இரவு அவருடைய மொழி வகுப்பு, அதுவும் இணையத்தில். மற்ற இரவுகள் எங்கள் படிப்புக்கு.

முப்பத்தைந்து வயதில் சொந்த மொழியை ஏன் வகுப்பில் கற்க வேண்டும்? அவருடைய அம்மம்மா வதிவிடப் பாடசாலையில், அதாவது பூர்வகுடிப் பிள்ளைகளை வீட்டிலிருந்து பிரித்துத் தங்கவைத்த பள்ளியில், வளர்ந்தவர். தாய்மொழி பேசினால் அடி. கனடாவில் ஒன்றரை இலட்சம் பூர்வகுடிப் பிள்ளைகளாவது அப்படிப்பட்ட பள்ளிகளுக்கு அனுப்பப்பட்டார்கள். கடைசிப் பள்ளி 1990களில்தான் மூடப்பட்டது. அந்தப் பள்ளிகளைப் பற்றி விசாரித்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 2015இல் இதைப் பண்பாட்டு இனப்படுகொலை என்றே எழுதியது. அவருடைய அம்மாவின் கதை வேறு. 1960களில் தொடங்கி ஏராளமான பூர்வகுடிக் குழந்தைகள் வீடுகளிலிருந்து எடுக்கப்பட்டு வெள்ளைக் குடும்பங்களுக்குத் தத்துக் கொடுக்கப்பட்டார்கள். அவர்களில் அம்மாவும் ஒருவர். ஆக, பேசத் தெரிந்தும் பேசப் பயந்த ஒரு தலைமுறை, காதால்கூடக் கேட்காத ஒரு தலைமுறை, அதற்குப் பிறகு இவர். அம்மம்மா இன்னும் இருக்கிறார். எண்பது வயது. அந்த அவசரமும் செவ்வாய் வகுப்பில் சேர்ந்துதான் உட்கார்ந்திருக்கிறது.

ஒரு ஞாயிறு இரவு நாங்கள் நால்வரும் திரையில் இருந்தோம். அவருடைய மகன் படுக்கப் போகாமல், ஏரிக்கரையில் பொறுக்கிய ஒரு கூழாங்கல்லைக் கொண்டுவந்து கேமராவுக்கு நேரே பிடித்தான். "அசின்!" என்றான். (ஆம், நடிகையின் பெயரேதான். நானும் சிரித்துவிட்டேன்.) அசின் என்றால் கல். அவர்கள் இலக்கணத்தில் பெயர்ச்சொற்கள் உயிருள்ளவை, உயிரற்றவை என இரண்டாகப் பிரியும். கல் உயிருள்ள பக்கம், மனிதரோடு. ராஸ்பெரி உயிருள்ளது, ஸ்ட்ராபெரி அப்படியல்ல. ஏன் என்று கேட்டால் அவருக்கும் தெரியவில்லை, அம்மம்மாவிடம் கேட்க வேண்டும் என்றார். உயர்திணை, அஃறிணை என்று பள்ளியில் மனப்பாடம் செய்த எனக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை. நம் கணக்கில் கல் சந்தேகமே இல்லாமல் அஃறிணை.

என் மகளும் சனிக்கிழமை தமிழ் வகுப்புக்கு முனகிக்கொண்டுதான் போகிறாள். அவள் தமிழை விட்டால் நட்டம் எங்கள் வீட்டுக்கு. உலகில் கோடிக்கணக்கானவர்கள் தமிழில் சண்டை போட்டுக்கொண்டே இருப்பார்கள். கனடாவில் எழுபதுக்கும் மேற்பட்ட பூர்வகுடி மொழிகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றிலாவது உரையாடக்கூடியவர்கள், எல்லா மொழிகளுக்கும் சேர்த்து, 2021 கணக்கெடுப்பில் சுமார் 2,37,000 பேர்.

இப்போது அந்த "இலவசம்". சட்டப்படி பதிவு பெற்ற பூர்வகுடி மாணவருக்கு மத்திய அரசின் உதவி உண்டு. அந்தப் பணம் பெரும்பாலும் அவரவர் சமூகத்தின் நிர்வாகம் வழியாக, அளவோடு வருகிறது, எல்லோருக்கும் போதாது. வரிவிலக்கு முக்கியமாக ரிசர்வ் எனப்படும், பூர்வகுடியினருக்கென ஒதுக்கிய நிலத்தில் ஈட்டும் வருமானத்துக்கு. 1876ஆம் ஆண்டின் இந்தியர் சட்டத்தில் (பூர்வகுடியினரைத்தான் அப்படி அழைத்தார்கள்), பல்கலைக்கழகப் பட்டம் பெறும் பூர்வகுடி மனிதர், பூர்வகுடி என்ற தம் சட்டத் தகுதியை இழப்பார் என்றே எழுதியிருந்தார்கள். படித்தால் உன் ஆட்களோடு நீ இல்லை என்று சட்டம் போட்ட நாட்டில், "படிக்க மாட்டார்கள்" என்று தட்டோடு நின்று சொல்வது நமக்கு எளிது.

எனக்குக் கோபம் வருவது இணையக் கல்வி மீதும்தான். "உங்களுக்கு வசதியான நேரத்தில் படியுங்கள்" என்பார்கள். இடம் உங்கள் வசதி, சரி. நேரம் அவர்களுடையது. ஞாயிறு இரவு 11:59க்கு ஒப்படைகளை ஏற்கும் கதவு சாத்தப்படும். மனோமின் என்ற காட்டு அரிசி ஏரிகளில் விளைவது ஆகஸ்ட் கடைசியிலும் செப்டம்பரிலும். அதே செப்டம்பரில்தான் எங்கள் தவணை தொடங்குகிறது. மேப்பிள் மரத்தில் சாறு வடிவது மார்ச், ஏப்ரலில்; அப்போது இறுதித் தேர்வு. காட்டு அரிசியை அறுக்க, படகில் ஒருவர் கோல் ஊன்ற, மற்றவர் இரண்டு குச்சிகளால் கதிரை வளைத்துத் தட்டி மணியைப் படகுக்குள் விழவைக்க வேண்டும். பிறகு காயவைத்து, வறுத்து, உமி போக மிதித்து, பூர்ச்ச மரப்பட்டைத் தட்டில் புடைக்க வேண்டும். பிள்ளைகள் மொழியைக் கேட்டுப் பழகும் இடமும் அந்தக் கரைதான். போன செப்டம்பரில் அவர் அங்கே காருக்குள் இருந்து, ஒற்றைக் கோட்டுச் சிக்னலில், குழந்தை வளர்ச்சி பற்றிய விடைத்தாளை ஏற்ற முயன்றார். 12:04க்கு ஏறியது. பூச்சியம்.

நான் அறிவுரை சொன்னேன். "பிள்ளைகளோடு சமாளிக்க முடியவில்லை என்று எழுதுங்கள், அவகாசம் தருவார்கள்." நான் இரண்டு முறை அப்படி வாங்கியிருக்கிறேன். சற்று நேரம் அவர் பேசவில்லை. பிறகு, "நீங்கள் எழுதலாம்" என்றார்.

எனக்குப் புரிய இரண்டு நாள் ஆனது. இந்த நாட்டில் 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் பூர்வகுடியினர் 7.7 சதவீதம். பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டு, தனியார் வீடுகளில் வளர்ப்புப் பராமரிப்பில் இருக்கும் அதே வயதுப் பிள்ளைகளில் 53.8 சதவீதம். இதுவும் 2021 கணக்கெடுப்புதான். அம்மாவையே அப்படித் தொலைத்த ஒரு குடும்பத்தில், தனியாகப் பிள்ளை வளர்க்கும் பெண், "என்னால் முடியவில்லை" என்று ஒரு நிறுவனத்துக்கு எழுத்தில் கொடுப்பாரா? நானென்றால் அது ஒரு விண்ணப்பம். அவருக்கு அது சாட்சியமாகிவிடலாம். அதனால்தான் அவர் எப்போதும் எல்லாவற்றையும் சமாளிக்கிறார். அதைப் பார்த்து நாங்களும் "எப்படித்தான் முடிகிறதோ!" என்று வியந்துகொண்டிருந்தோம்.

குளிர்காலத்தில் ஒரு பொதி மனோமின் அனுப்பினார். கடையில் வாங்கும் கறுப்பு மணியைப் போல ஒரு மணி நேரம் அவிய வைக்கத் தேவையில்லை, இருபது நிமிடத்தில் வெந்துவிட்டது. வறுத்த விறகுப் புகையின் வாசம். பருப்போடு சாப்பிட்டோம். மகள் மறுபடி கேட்டாள்.

இந்தத் தவணைக்கு நால்வரும் பெயர் போட்டு ஒரு கடிதம் அனுப்பியிருக்கிறோம். செப்டம்பர் முதல் மூன்று வாரங்களின் ஒப்படைகளுக்கு, காரணம் கேட்காமல், வகுப்பில் எல்லோருக்குமே ஒரு வாரம் கூடுதலாகத் தர வேண்டும் என்று. பதில் இன்னும் வரவில்லை.